ஈமானை மறைத்துப் பெறும் இடம் நமக்கு வேண்டாம்



அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் தேடி வருகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு தவறான வழக்கமும் நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. “தொழுகை, நோன்பு பற்றியெல்லாம் இப்போது வாய் திறக்காதே, முதலில் இடம் கிடைக்கட்டும்” என்று பெற்றோரே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த அறிவுரை மார்க்கத்துக்கும் முரணானது, உலக நடைமுறைக்கும் உதவாதது என்பதே நம் நிலைப்பாடு.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். முதல் பிரிவுக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள், பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15 முதல் மாணவரோடு நேரடியாகப் பேசலாம். பிறகு அழைப்புகள் வரும். கல்லூரியைப் பார்த்துவர ஓரிரு இரவுகள் விருந்தினராகத் தங்க வைப்பார்கள். வாய்மொழியாக இடம் தருவதாகச் சொல்வார்கள். அந்த வாய்மொழி வாக்கு இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்துக்குப் பிறகுதான் பிணைப்பு உண்டாகிறது. அதன்பின் பயிற்சி நேரம், பயணம், உடை, உணவு ஆகியவற்றில் பயிற்சியாளரின் சொல்லே மேலோங்கும். ஆக, பிள்ளையின் சொல்லுக்கு அதிக மதிப்பு இருப்பது கையெழுத்திடுவதற்கு முந்தைய நாட்களில்தான். கேட்க வேண்டிய அந்தக் காலத்தில் வாயை மூடவைத்துவிட்டு, கேட்டும் பயனற்ற காலத்தில் பிள்ளையைத் தனியே போராட விடுகிறோம்.

“கேட்டால் வாய்ப்பு போய்விடும்” என்கிறார்கள். எந்த வாய்ப்பு? உயர்நிலைப் பள்ளி விளையாட்டு வீரர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கே கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கிறது என்று என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்கிறது. அவர்களிலும் பலருக்குக் கிடைப்பது முழுத்தொகை அன்று, ஒரு பகுதிதான். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை. இத்தனை குறுகிய வாசலில் நுழைவதற்காக, பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஈமானை ஒளித்துவைக்கக் கற்றுத் தருவது என்ன வணிகம்?

வணிகம் என்றே வைத்துக்கொள்வோம். பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. தொழுகையோ குறையன்று, நம் பிள்ளையிடம் உள்ள மிகச் சிறந்த பண்பு. அதைக் குறையைப் போல மறைக்கச் சொல்லும்போது, “உன் தீன் வெட்கப்பட வேண்டிய ஒன்று” என்ற பாடத்தையும் சேர்த்தே போதிக்கிறோம். அந்தப் பாடம் நான்காண்டுக் கல்லூரி வாழ்வோடு முடிந்துவிடாது.

மறைக்காமல் சென்றவர்களும் இருக்கிறார்கள். பில்கீஸ் அப்துல் காதிர் ஹிஜாப் அணிந்தே உயர்நிலைப் பள்ளியில் கூடைப்பந்து ஆடி, 3,000 புள்ளிகளைக் கடந்து மாசசூசெட்ஸ் மாநிலச் சாதனை படைத்தார். மெம்பிஸ் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது; முதல் பிரிவில் ஹிஜாபோடு ஆடிய முதல் பெண் அவரே. பின்னர் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைமறைப்புத் தடை அவருடைய தொழில்முறை வாழ்வை மறித்தது. அவர் ஹிஜாபைக் கழற்றவில்லை. விதியை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 2017இல் தடை நீங்கியது. அவர் கொடுத்த விலை பெரிது. ஆனால் அவருக்குப் பின் வந்த பெண்களுக்கு அந்த வாசல் திறந்தது. ஹகீம் ஒலாஜுவான் 1995 பிப்ரவரியில் ரமளான் நோன்போடு ஆடி, அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரராக என்.பி.ஏ.வில் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதைக் காரணமாகக் காட்டி, “விளையாட்டே வேண்டாம்” என்று பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, வீட்டில் நிறுத்துவோரோடும் நாம் உடன்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டியும் ஓடினார்கள். தடுக்கப்படாத ஒன்றைத் தடுக்கும் உரிமை நமக்கில்லை.

ஆகவே பெற்றோரே, பயிற்சியாளர் வரும்போது பிள்ளையின் அருகில் அமருங்கள். ஜும்ஆ நேரத்தில் பயிற்சி இருக்குமா? ரமளான் இப்போது குளிர்காலத்துக்குள் நகர்ந்துகொண்டிருக்கிறது. கூடைப்பந்துப் பருவமும் அதே காலம்தான். நோன்பாளிக்குப் பயிற்சியை எப்படி மாற்றியமைப்பார்கள்? வெளியூர்ப் பயணத்தில் ஹலால் உணவு உண்டா? கை கால்களை மறைக்கும் உடைக்கு இசைவு உண்டா? உடை மாற்றத் தனியிடம் கிடைக்குமா? விருந்தினராகத் தங்கும் இரவில் மது அருந்தும் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வார்களா? 2021 முதல் மாணவ வீரர்கள் விளம்பரங்களில் பொருள் ஈட்டலாம்; சூதாட்டமோ மதுவோ தொடர்பான விளம்பரத்தை மறுக்க உரிமை உண்டா? இவற்றைப் பணிவோடு கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள்.

இந்தக் கேள்விகளுக்காகவே ஒரு பயிற்சியாளர் பின்வாங்கினால், நம் பிள்ளை இழந்தது நான்காண்டுத் துயரத்தைத்தான். ஒட்டகத்தைக் கட்டுவது நம் கடமை. ரிஸ்கை அளிப்பவன் அல்லாஹ். பயிற்சியாளரின் கையில் அது இருப்பதாக நாம் நடுங்கினால், பிள்ளையின் ஈமானைவிட முதலில் சரிசெய்ய வேண்டியது நம் ஈமானைத்தான்.