கோழி வேண்டும், சமைத்தவர் வேண்டாமா?

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தைச் சேர்ந்த போர்ட்லண்ட் பட்டணம் வண்டிக்கடைகளுக்குப் பேர்போனது. மோட்டார் நிறுத்தும் மனைகளில் சக்கரம் வைத்த சிறு சிறு கூண்டுகள் வரிசையாக நிற்கும். உள்ளே ஒருவரோ இருவரோ நின்று சமைப்பார்கள். ஜன்னல் வழியாகப் பண்டம் வெளியே வரும். அவற்றுள் பொரித்த கோழி சாண்ட்விச் விற்கும் வண்டி என்றால் மத்தியானத்தில் கூட்டத்திற்குக் குறைவிருக்காது. கோழித் துண்டை மோரில் ஊறப்போட்டு, மாவில் புரட்டி, கொதிக்கும் எண்ணெயில் பொரித்து, மெத்தென்ற ரொட்டியைப் பிளந்து நடுவில் வைத்துக் கொடுக்கிறார்கள். இதில் மந்திரமுமில்லை, மர்மமுமில்லை. மோரின் புளிப்பு இறைச்சியை மிருதுவாக்குகிறது. எண்ணெயின் சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி மேலே மொறுமொறுப்புக் கட்டுகிறது. அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் நாம் இன்று எழுத வந்தது அந்த ருசியைப் பற்றியல்ல; அந்த ஜன்னலின் முன் நிற்கும் வரிசையைப் பற்றியேயாகும். அந்த வரிசையில் வக்கீலும் நிற்கிறார், கூலிக்காரரும் நிற்கிறார். வெள்ளையர், கறுப்பர், சீனர், மெக்சிகோக்காரர் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். முன்னே வந்தவர் முன்னே, பின்னே வந்தவர் பின்னே. வண்டிக்கு இருப்பது ஒரே ஜன்னல். முன்வாசல் ஒரு கூட்டத்தாருக்கு, பின்வாசல் இன்னொரு கூட்டத்தாருக்கு என்று பிரிக்க அதில் இடமேயில்லை.

“பசித்தவன் காசு கொடுத்து வாங்கித் தின்கிறான், இதிலென்ன அதிசயம்?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அதிசயம் இருக்கிறது என்றே நாம் சொல்லுகிறோம்.

அந்த ஆரிகன் மாகாணம் 1857-இல் தனக்கென்று அரசியல் சட்டம் எழுதிக்கொண்டபோது, கறுப்பர் எவரும் புதிதாக அங்கே வந்து குடியேறக்கூடாது, நிலம் வைத்திருக்கக்கூடாது என்று அச்சட்டத்திலேயே எழுதி வைத்தது. அந்த வாசகத்தை எடுத்தெறிய ஜனங்கள் 1926-இல்தான் ஓட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகும் புத்தி வந்துவிடவில்லை. 1930-களில் அதே போர்ட்லண்டில் பொரித்த கோழிக்கென்றே ஒரு ஓட்டல் நடந்தது. கறுப்பரை இழித்துக் கூப்பிடும் வசைச்சொல்தான் அந்த ஓட்டலின் பெயர். பல்லை இளிக்கும் கறுப்பர் தலை ஒன்றுதான் அதன் அடையாளம். தட்டிலும் அந்தத் தலை, சாப்பாட்டுப் பட்டியலிலும் அந்தத் தலை! அதே கூட்டத்தார் வேறு ஊர்களில் நடத்திய கடைகளில், அந்தத் தலையின் திறந்த வாய்க்குள் புகுந்துதான் வெள்ளைக் கனவான்கள் சாப்பிடப் போனார்கள். வயிற்றுக்குக் கறுப்பரின் சமையல் வேண்டும். வாசலில் சிரிப்பதற்குக் கறுப்பரின் முகம் வேண்டும். மனிதராகக் கறுப்பர் வேண்டாம்! இதற்குப் பெயர் நாகரிகமாம்!

அந்தக் கோழியைப் பொரிக்கும் வித்தை யாருடையது? அமெரிக்காவின் தென் மாகாணங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்புப் பெண்கள்தான் எஜமானர் வீட்டு அடுப்படியில் நின்று அதைத் தலைமுறை தலைமுறையாகப் பக்குவப்படுத்தினார்கள். 1865-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகு, விர்ஜீனியாவில் கார்டன்ஸ்வில் என்னும் ரயில் சந்திப்பில், கறுப்புப் பெண்கள் பொரித்த கோழியும் ரொட்டியும் நிறைந்த தட்டுகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வண்டி ஜன்னல்தோறும் போய் விற்றார்கள். ரயிலில் சாப்பாட்டு வண்டி இல்லாத காலம் அது. அந்தக் காசில் பிள்ளைகளை வளர்த்தார்கள், வீடு கட்டினார்கள். கை நீட்டி வாங்கித் தின்ற பிரயாணிகளோ, அதே பெண்கள் தங்களுக்குச் சமமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்யச் சம்மதிக்கவில்லை.

நிற்க. இந்தக் கோழி சாண்ட்விச்சைக் கொண்டே ஒரு பெரிய போராட்டம் நடந்த கதையை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலபாமா மாகாணத்து மாண்ட்கமரி பட்டணத்தில் ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு அம்மையார் இருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை, பிள்ளைகள் பலர். 1955 அக்டோபரில் ஒரு நாள் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறிக் காசைப் போட்டார். டிரைவர், “இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறு” என்றான். அம்மையார் இறங்கிப் பின்னே போவதற்குள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். காசு போயிற்று, பஸ்ஸும் போயிற்று. இனி இந்தப் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று அன்றே அம்மையார் முடிவு கட்டினார். அவர் இப்படித் தனியாக முடிவு செய்து இரண்டு மாதம் ஆகுமுன்பே, அதே ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி ரோசா பார்க்ஸ் அம்மையார் இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானார். 5-ந்தேதி முதல் ஊரிலுள்ள கறுப்பர்கள் சுமார் 40,000 பேரும் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள்.

பகிஷ்காரம் என்று வாயால் சொல்லுவது சுலபம். வேலைக்குப் போக வேண்டுமே! அதற்காகச் சுமார் 300 மோட்டார்கள் ஏற்பாடாயின. பெட்ரோலுக்கும் இன்ஷூரன்சுக்கும் பணம் எங்கே? கில்மோர் அம்மையார் தம் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு 14 டாலருக்குக் கோழியும் ரொட்டியும் கீரையும் வாங்கினார். பொரித்த கோழி சாண்ட்விச் செய்து பொதுக்கூட்டத்திலேயே விற்றார். பிறகு பல பெண்கள் வீட்டில் சமைத்தும், ரொட்டிப் பணியாரங்கள் செய்து விற்றும், வாராவாரம் நூறு டாலருக்கு மேல் கொண்டுவந்து கொடுத்தார்கள். பலர் வெள்ளையர் வீட்டுச் சமையல்காரிகள். பெயர் வெளிப்பட்டால் வேலை போய்விடும். ஆகையால் தங்கள் சங்கத்திற்கு “எங்கிருந்தும் வராத சங்கம்” என்னும் பொருள்பட ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று எவன் கேட்டாலும், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாமல்லவா!

அந்தக் கூட்டங்கள் நடந்தது ஒரு சர்ச்சில்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அங்கே பாட்டும் ஜெபமும் நடந்தன. ஆனால் மோட்டாருக்குப் பெட்ரோல் போட்டது ஜெபமல்ல, கோழி விற்ற காசேயாகும்.

1956 மார்ச்சில் மார்ட்டின் லூதர் கிங்மீது வழக்கு நடந்தபோது கில்மோர் அம்மையார் சாட்சிக் கூண்டில் ஏறினார். பஸ் கம்பெனிக்காரர் பணத்தை எண்ணும்போது இது கறுப்பர் காசு, இது வெள்ளையர் காசு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை என்ற கருத்துப்படச் சொன்னார். நூறு பிரசங்கங்களில் இல்லாத பகுத்தறிவு இந்த ஒரு சொல்லில் இருக்கிறதா இல்லையா? பலன் என்ன? வேலை போயிற்று. அம்மையார் அழுதுகொண்டு உட்காரவில்லை. கிங்கின் உதவியோடு தம் வீட்டிலேயே சமைத்துப் போடத் தொடங்கினார். அந்த வீட்டு மேசையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 381 நாள் கழித்து, 1956 டிசம்பரில், பஸ்ஸில் பிரித்து வைக்கும் சட்டம் செல்லாது என்ற தீர்ப்பு அமலுக்கு வந்தது.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டாவில் லெஸ்டர் மேடக்ஸ் என்பவர் பொரித்த கோழிக்குப் பேர்போன ஓட்டல் வைத்திருந்தார். சமையற்கட்டில் வேலை செய்தவர்களில் கறுப்பர்கள் உண்டு. 1964 ஜூலை 2-ந்தேதி, ஓட்டல்களில் நிறவேற்றுமை கூடாது என்ற சட்டம் கையெழுத்தாயிற்று. மறுநாள் மூன்று கறுப்பு மாணவர்கள் சாப்பிடப் போனார்கள். அவர்களை அவர் துப்பாக்கி காட்டி விரட்டினார்! உள்ளே கோழி பொரித்த கை தீட்டில்லையாம். வெளியே காசு நீட்டிய கை தீட்டாம்! அந்த மனிதரை ஜனங்கள் ஒதுக்கினார்களா என்றால் இல்லை. 1967-இல் அவர் மாகாண கவர்னரானார். தென் கரோலினாவில் இன்னொரு ஓட்டல்காரர், கறுப்பர்கள் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே உட்காரக்கூடாது என்றார். கேட்டதற்கு, சேர்த்து உட்காரவைப்பது தம்முடைய மத நம்பிக்கைக்கு விரோதம் என்று கோர்ட்டில் வாதாடினார். 1968-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தை அற்பமான வாதம் என்று தள்ளியது.

பார்த்தீர்களா தோழர்களே! அக்கிரமத்திற்கு நியாயம் கிடைக்காதபோது மனிதன் கடைசியாக ஓடி ஒளியும் இடம் எது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பண்டம் தீட்டில்லை, காசு தீட்டில்லை, உழைப்பும் தீட்டில்லை; உழைத்தவர் பக்கத்தில் உட்காருவது மட்டும் தீட்டு என்றால், அந்தத் தீட்டு இருப்பது எங்கே? உட்கார மாட்டேன் என்பவனின் மூளையிலா, அல்லது வேறெங்காவதா?

“சாப்பாட்டு விஷயத்தில் இதையெல்லாம் ஏன் இழுக்கிறீர்கள்?” என்பார்கள். நாம் இழுக்கவில்லை, பின்வாசல் வைத்தவர்கள் இழுத்தார்கள். பின்வாசலை அடைத்தவர்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அவ்வளவே.

இன்று வரிசை ஒன்றாகிவிட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் நாம் நினைக்கவில்லை. போர்ட்லண்டின் நடுவே ஆல்டர் தெருவில் 50-க்கு மேற்பட்ட வண்டிகள் நின்ற மனை ஒன்றிருந்தது. 2019-இல் அங்கே பெரிய ஓட்டல் கோபுரம் கட்டுவதற்காக வண்டிகளையெல்லாம் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நிற்க இடமில்லை. சமைப்பவருக்குப் புகழ் மட்டும் போதாது. நிற்குமிடத்தில் உரிமையும் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

ஆகவே தோழர்களே, ஒரு பண்டம் ருசியாயிருக்கிறது என்று நாக்கைச் சப்புக்கொட்டும் எவரும் ஒரே ஒரு கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: “இதைச் சமைத்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நான் சம்மதிப்பேனா?” சம்மதிப்பவர் மனிதர். சம்மதிக்காதவருக்கு அந்தப் பண்டத்தைத் தின்னும் யோக்கியதை இல்லை என்பதே நமது முடிவு.