நூத்துக்கு நூறு வாங்கினா போதுமா?

வாஷிங்டன்: ஓரின ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகளை எந்தக் கம்பெனி நல்லா நடத்துது? அமெரிக்காவில் 2002 முதல் இதற்கு மார்க் போட்டு வருகிறது 'ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன்' அமைப்பு. முதல் ஆண்டில் நூற்றுக்கு நூறு வாங்கியவை 13 கம்பெனிகள்தான். பிறகு அது நூற்றுக்கணக்கில் பெருகியது.

ஆனால் மார்க் எதுக்கு? பாகுபாடு கூடாதுன்னு விதி இருக்கா, துணைவருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டா என்பது போன்றவற்றுக்குத்தான். தகவல் தருவதும் பெரும்பாலும் கம்பெனியேதான். பக்கத்து சீட்டுக்காரர் கேலியும், மேனேஜரின் முறைப்பும் அந்தக் கணக்கில் ஏறாது.

2024-ல் வலதுசாரிகள் எதிர்ப்பு கிளப்பியதும் ஃபோர்டு, ஹார்லி டேவிட்சன் போன்ற நிறுவனங்கள் இந்த மதிப்பீட்டிலிருந்தே விலகிக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை துணையோட சினிமா போனதை, திங்கட்கிழமை ஆபீசில் ஓர் ஊழியர் பயமில்லாம சொல்ல முடியுதா? அசல் மார்க் ஷீட் அதுதான்!