சங்காயம்

ராமேஸ்வரத்தில் இழுவைமடி வலை இழுத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் படித்தோம், வீடு கட்டினோம், தங்கைகளைக் கட்டிக்கொடுத்தோம். பாக் நீரிணை பாழானதை அடுத்தவர் குற்றமாக எழுத எனக்கு வழியில்லை. விசைப்படகுக்காரர்களான நாங்கள் செய்தது அது.

மடி ஏறியதும் தளத்தில் குவியும். இறால், கணவாய், நண்டு என்று பொறுக்கியபின் மிஞ்சுவது சங்காயம்: விரல் நீளப் பாறைக்குஞ்சு, ஊளிக்குஞ்சு, சினை நண்டு, வேரோடு பிடுங்கி வந்த கடல்தாழை. அள்ளிக் கூடையில் கொட்டி, காயவைத்து, கோழித்தீவனத்துக்கு விற்றோம். வளரவிட்டால் என்ன விலை போகும் என்று தெரியாமலா விற்றோம்? டீசல் காசாவது தேறட்டும் என்றுதான்.

ஆழம் குறைந்த கடல் இது. சங்கிலி கட்டிய மடி தரையை வழித்துக்கொண்டே போகும். இறாலுக்காக விசைப்படகை மானியம் கொடுத்து வளர்த்தது அரசுதான். ஆனால் கரையோரத்தை நாட்டுப்படகுக்கு ஒதுக்கிய 1983-ம் ஆண்டுச் சட்டத்தை மீறியவர்கள் நாங்கள். தடை என்று தெரிந்தே, இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடி இழுத்தோம். 61 நாள் தடைக்காலத்தில் கடலில் வளர்ந்த குஞ்சுகளை, தடை முடிந்த முதல் வாரத்திலேயே வாரி வந்தோம்.

இந்தப் பக்கம் மீன்பாடு குறைந்ததும் எல்லை தாண்டி இலங்கைப் பக்கம் போனோம். உள்நாட்டுப் போரில் பல வருடம் கடலில் இறங்க முடியாமலிருந்த அந்நாட்டு வடக்கு மீனவர்கள், 2009-க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கியிருந்தார்கள். ஓரிரவு எங்கள் மடியில் அவர்களின் நைலான் வலை சுருண்டு வந்தது. மிதவை ஒன்றில் பெயின்டால் ஒரு பெயர், தமிழில். விடிவதற்குள் அறுத்துப் போட்டோம். இலங்கைக் கடற்படை சுட்டதை நாங்கள் சொல்லாத இடமில்லை. சொல்லத்தான் வேண்டும், செத்தவர்கள் எங்கள் பிள்ளைகள். அந்த வலையைப் பற்றி மட்டும் எங்கும் வாய் திறக்கவில்லை.

2017-ல் இலங்கை இழுவைமடியைத் தடைசெய்தது. அதே வருடம் இங்கே ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் வந்தது. மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகை அதற்கு மாற்றுவது இலக்கு; மாறியவை கொஞ்சம்தான். கடன் பாரம், பழகாத தொழில் என்று காரணம் சொன்னோம். பாதி உண்மை. இரவு போய் விடிந்ததும் கரையேறும் தொழிலை விட மனம் வரவில்லை என்பது மீதிப் பாதி.

எங்கள் மீனவர் சங்கத்தின் போன கூட்டத்திலும் தீர்மானம் போட்டோம்: இலங்கை பிடித்த படகை மீட்க வேண்டும், கைதானவர்களை விடுவிக்க வேண்டும். நாங்கள் அறுத்த வலைகளுக்கு என்ன ஈடு கொடுப்பது என்று கேட்க யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழவில்லை.