ஆரணித் தறியும் வானொலிப் பாட்டும்

கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணியிலே பட்டு நெசவுத் தெருக்களிற் செல்வோர், தறியின் ஓசையோடு சினிமாப் பாட்டின் ஓசையும் கலந்து வரக் கேட்பர். அது கேட்டு முகஞ் சுளிக்கும் கற்றோர் நம்மிடையே உளர். கல்லூரிகள் சமுதாய வானொலி நடத்த அரசாங்கம் இசைவு தரும் இக்காலத்தில், ஆரணிக்கென ஒரு நிலையம் அமையுமாயின் அதிற் சினிமாப் பாட்டுக்கு இடமிருத்தலாகாது, சொற்பொழிவும் அறிவுரையுமே வேண்டும் என்பது அவர் கொள்கை. நாம் அதற்கு உடன்படோம்.

குழித்தறியில் அமர்ந்த நெசவாளிக்குக் கால் மிதியிலும், கை நாடாவிலும், கண் பாவிலும் கட்டுண்டு கிடக்கின்றன. இழையொன்று அறுந்தால் உடனே கண்டு முடியவேண்டும். சரிகைப் புட்டா பிசகினாற் சேலை கெட்டது. நூல் படிக்க இயலாது. படம் பார்க்க இயலாது. ஒழிந்திருப்பது செவியொன்றே. ஒரு சேலை முடியப் பல நாள் செல்லும். அந்நெடும் பொழுதிற் செவிக்கு வரும் பாட்டை வீண் என்பது, ஒரு முற்பகலேனும் தறிக்குழியில் அமர்ந்தறியாதார் கூற்று.

பாட்டை விலக்கிப் பார்த்த கதை புதிதன்று. சென்னையில் 1924-இல் ஸ்ரீமான் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் முயற்சியால் வானொலிச் சங்கமொன்று ஒலிபரப்பத் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927-இல் நின்றது. 1930-இல் நகரசபையார் அப்பணியை ஏற்றனர். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. பின்னர், 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான டாக்டர் பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டைக் குறைத்துச் சாஸ்திரீய சங்கீதத்தை மிகுவித்தார். அவர் எண்ணம் நல்லதே; வித்துவான்கள் பலர் அதனாற் பயனுற்றனர் என்பதை மறுப்பாரில்லை. (ஹார்மோனியப் பெட்டியையே 1940 முதல் 1971 வரை தள்ளிவைத்த நிலையமன்றோ அது!) ஆயினும் கேட்போர் என் செய்தனர்? பெட்டியின் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினர்.

படைவீரர்க்கென இலங்கையில் நிறுவப்பெற்ற வலிய சிற்றலைக் கருவி, யுத்தம் முடிந்தபின் இலங்கை வானொலியின் வசமாயிற்று. 1950-இல் அங்கு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகத்து வீடுகளில் நெருங்கிய உறவினர் குரல் போலாயிற்று. அவருக்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோர் புகழ்பெற்றனர். வடநாட்டாரோ 1952 முதல் அமீன் சயானியின் பினாகா கீத்மாலாவுக்குக் காத்திருந்தனர். நம் நாட்டு வணிகரின் விளம்பரப் பணமும் கடல் கடந்தது. இதனைக் கண்டே 1957 அக்டோபர் 3-இல் விவிதபாரதி தோன்றியது. மக்கள் ஐந்தாண்டு வேறிடத்திற் கேட்டுக்கொண்டிருந்ததை அரசாங்கம் தானும் தர இசைந்தது என்பதே இதன் பொருள்.

இன்று தனியார் பண்பலை நிலையங்கள் பாட்டை வாரி வழங்குகின்றன. எனினும் அவை பெருநகரங்களை நோக்கியே பேசுகின்றன. ஆரணியிற் கச்சாப் பட்டின் விலை ஏறியதையோ, கூட்டுறவுச் சங்கத்தில் தவணை வந்ததையோ சொல்லமாட்டா. கல்வி நிலையங்களுக்கு 2002-இன் இறுதியிற் கதவு திறந்தது; 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகம் வழிகாட்டியது; 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமை கிட்டியது. ஐம்பது வாட் அளவான சிறு கருவி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டும். ஆரணிக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் அது போதும். நிகழ்ச்சியிற் பாதியேனும் உள்ளூர் மக்கள் பங்குகொண்டு ஆக்கியதாயிருத்தல் வேண்டும் என்பதும் விதி. அப்பாதியிற் பட்டு விலையையும் நெசவாளர் சேம திட்டங்களையும் சொல்வோம்; மற்றப் பாதி பாட்டுக்கே ஆகுக. பாட்டுக்காகத் திறந்த பெட்டியன்றோ செய்தியையும் உள்ளே கொணரும்! பாட்டுக்கு உரிமைத்தொகை கொடுக்கவேண்டுமே என்பர். அது கணக்கர் தீர்க்கவேண்டிய தடை, கொள்கைத் தடையன்று.

சொற்பொழிவு வேண்டுமென்பாரை நாம் வெறுக்கவில்லை. இரவில், தறி நின்றபின், அரைமணி நேரம் அவர்க்கும் ஒதுக்கலாம்.