கிணற்றை மறைத்துக் காணி விற்கலாமா?

தீவகத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காணி இருக்கிறது. ஐந்து ஏக்கர், ஊர்க் கணக்கில் எண்பது பரப்பு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னர் எங்களில் எவரும் அங்கு நிரந்தரமாகக் குடியேறவில்லை. பிள்ளைகள் புத்தளத்திலும் கொழும்பிலும் தொழில் செய்கிறார்கள். காணி பற்றை மண்டிக் கிடக்கிறது. எனவே விற்று, வாரிசுகளுக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுத்து விடுவோம் என்று தீர்மானித்தோம்.

அந்தக் காணியின் ஒரு எல்லையில், முன்னொரு காலத்தில் ஊருக்கு மின்சாரம் கொடுத்த டீசல் எஞ்சின் கொட்டில் இருந்தது. எஞ்சினைக் கழற்றிச் சென்று பல வருடங்களாகி விட்டன. சீமெந்துத் தளமும் எண்ணெய்ப் பீப்பாக்கள் அடுக்கிய மேடையுமே இன்று மிச்சம்.

தரகர் ஒருவர் வெளிநாட்டில் வாழும் ஒருவரைக் கூட்டி வந்தார். விலையும் ஏறத்தாழப் பொருந்தியது. புறப்படும் போது தரகர் என்னைத் தனியாக அழைத்து, "ஹாஜியார், அந்த எஞ்சின் கதையை நீங்களாக எடுக்காதீங்கோ. கேட்டால் மட்டும் பார்ப்பம். அவர் என்ன, கிணத்தையே எட்டிப் பார்க்கப் போறார்?" என்றார்.

என் தம்பிமாரும் அவர் சொல்வது சரிதான் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அன்று அது பெரிய விடயமாகப் படவில்லை. பின்னர்தான் சுன்னாகம் நினைவுக்கு வந்தது.

சுன்னாகத்தில் நடந்ததை வர்த்தகர்களாகிய நாம் ஒரு சூழல் பிரச்சினையாக மட்டும் பார்த்துக் கடந்து விட்டோம். அது காணிப் பிரச்சினையும்தான். அங்கு நோர்தேர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் அனல் மின் நிலையம் இயங்கியது. சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டார்கள். 2013, 2014 காலப்பகுதியில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய், கிறீஸ் அளவு அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தது. 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நீதிமன்ற உத்தரவின் பேரில் நிலையம் நிறுத்தப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பு, நிலத்தடி நீர் மாசுக்கு அந்நிறுவனமே பொறுப்பு எனக் கண்டு, 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. மாசுபடுத்தியவரே செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. வட மாகாண சபைத் தரப்பில் அமைக்கப்பட்ட நிபுணர் குழுவொன்று, பயப்படும்படியான மாசு இல்லை என்ற கருத்தைச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒரே கிணற்றுக்கு இரண்டு வகை அறிக்கை இருக்க முடியும். காணி விற்பவர் தனக்குச் சாதகமான ஒன்றை மட்டும் கோவையில் வைத்துக் காட்டினால், வாங்குபவருக்கு என்ன தெரியும்?

சுன்னாகத்தில் இருந்தது பெரிய நிலையம், தீவில் இருந்தது சிறிய எஞ்சின் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நிலம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவில் கீழே இறங்கும். தீவுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே நன்னீர் என்பது உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. அது பழுதானால் ஆழமாகத் தோண்டித் தப்ப முடியாது. தோண்டினால் உப்புத்தான் வரும். தாளையடியில் 2024இல் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டதைக் காட்டி, இனிக் கிணறு எதற்கு என்று கேட்கும் தரகர்களும் உண்டு. குழாய்த் தண்ணீரில் தோட்டம் செய்ய முடியுமா?

இது என் காணியோடு முடிகிற கதையுமல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நீண்ட காலமாக டீசல் எஞ்சின் மின்சாரத்தையே நம்பியிருந்தவை. இங்கு சூரிய, காற்று மின் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்க முடிவானது. இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. பின்னர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச் முதலாந் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1,700 கிலோவாட் சூரிய சக்தி, 530 கிலோவாட் காற்று, மின்கலத் தொகுதி ஆகியவற்றுடன் அவசரத் தேவைக்கு டீசலும் இருக்கும் என்பதே திட்டம். இப்படி டீசலின் பாவனை குறையக் குறைய, பழைய எஞ்சின் வளவுகளைச் சுற்றியுள்ள காணிகளும் சந்தைக்கு வரும். அப்போது அவற்றை வாங்கி விற்பவர்களில் நம்மவர்களும் இருப்பார்கள்.

நமக்கு மார்க்கம் இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, ஈரத்தை மேலே போடாதது ஏன் என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியிடம் வினவிய சம்பவம் நாம் ஜும்ஆக்களில் கேட்டதுதான். தானியத்தில் அடியிலிருந்த ஈரமும் காணியில் அடியிலிருக்கும் எண்ணெயும் ஒன்றே. வாங்கிய பின் மறைந்த குறை தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது பிக்ஹு வாங்குபவருக்கு வழங்குகிறது. "கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை" என்பது கடையில் பழுதான மாவை விற்பவனும் சொல்லக்கூடிய பதில்.

நான் செய்ததைச் சொல்கிறேன். காணியிலுள்ள மூன்று கிணறுகளின் நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வழமையான குடிநீர்ப் பரிசோதனையில் உவர், கிருமி போன்றவற்றைப் பார்ப்பார்கள். எண்ணெய், கிறீஸ் பரிசோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக் கொள்ளும். மாரியில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை பார்ப்பது நல்லது. உறுதி எழுத முன்னர் அறிக்கையின் பிரதியை வாங்குபவரின் கையில் கொடுத்துக் கையொப்பம் பெற வேண்டும். கூட்டுக் காணியாயின், தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. வடக்கிலுள்ள காணிக்கு அது நமக்கும் பொருந்தும்.

முடிவு என்ன? எஞ்சின் தளத்துக்குக் கிட்டிய கிணற்றில் எண்ணெய் இருந்தது. மற்ற இரண்டும் சுத்தம். அறிக்கையை அந்தச் சகோதரரிடம் காட்டினேன். ஒரு வாரம் யோசித்து விட்டு வேண்டாம் என்றார். தரகர் இப்போது என் தொலைபேசியை எடுப்பதில்லை. தம்பிமாரில் ஒருவருக்கு என் மீது மனத்தாங்கல். மகளின் கல்யாணச் செலவுக்கு அவர் அந்தப் பணத்தையே எதிர்பார்த்திருந்தார். அவருடைய கவலை நியாயமானது. அதனை நான் சிறிதாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது காணியை இரண்டாகப் பிரித்து விலை சொல்கிறோம். சுத்தமான கிணறுகள் உள்ள பகுதி தோட்டத்துக்கு. எஞ்சின் பக்கத்துப் பதினாறு பரப்பு குறைந்த விலையில், களஞ்சியம் போன்ற தண்ணீர் தேவைப்படாத தொழிலுக்கு. இரண்டுக்கும் ஒரே அறிக்கையைத்தான் காட்டுகிறோம். இன்னும் விலைப்படவில்லை.

தாமதமாகலாம், விலையும் குறையலாம். ஆனால் நாளை அந்தக் கிணற்றில் ஒரு பிள்ளை தண்ணீர் அள்ளிக் குடிக்கும் போது, அந்தக் காணியின் காசு நம் வீட்டில் இருக்கக் கூடாது. பழைய மின் நிலையம், எரிபொருள் நிலையம், கராஜ் ஆகியவற்றை ஒட்டிய காணியை விற்கும் சகோதரர்கள், வாங்குபவர் கேட்கும் வரை காத்திராமல், அறிக்கையோடு போய் முதலில் நீங்களே சொல்லுங்கள். பரக்கத் செய்ய அல்லாஹ் போதுமானவன்.