தேரிக்காட்டுக்கு ஸ்பிளெண்டர் போதும்!

"தேரிக்கா? இந்த வண்டியிலயா? நடுக்காட்டுல புதைஞ்சு நிப்ப, பாத்துக்க!"

பாளையங்கோட்டைப் பக்கம் எந்தக் கல்லூரி வாசல் டீக்கடையிலும் பைக் பேச்சு ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் இந்த வசனம் வந்தே தீரும். சொல்லுகிறவர் அநேகமாகத் தேரிக்கு வண்டியில் போயிருக்கவே மாட்டார். யூடியூபில் பார்த்திருப்பார். அப்புறம் ஒரு பட்டியல் வாசிப்பார். 21 இஞ்ச் முன்சக்கரம், 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், இன்ஜினுக்கு அடியில் இரும்புத் தகடு, கொப்பும் குழையுமாக டயர். இதெல்லாம் இருந்தால்தான் மண்ணில் இறங்கலாமாம். கேட்டுக்கொண்டிருக்கிற பையன் வாசலில் நிற்கிற அப்பாவின் ஸ்பிளெண்டரை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையில்தான் மூன்று லட்ச ரூபாய்க் கடன் பிறக்கிறது.

அதே காலை நேரத்தில் குதிரைமொழித் தேரியின் ஓரத்தில் ஒரு பெரியவர், டிவிஎஸ் எக்ஸெல்லின் இரண்டு பக்கமும் பதனிக் கேன் கட்டி, காலில் ரப்பர் செருப்போடு, செம்மண் தடத்தில் ஆடி ஆடி வந்துகொண்டிருப்பார். அவருக்கு 21 இஞ்ச் சக்கரம் கிடையாது. அட்வென்ச்சர் என்ற வார்த்தையும் கிடையாது. பதனி புளிப்பதற்குள் ஊர் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான் அவர் மேட்டர்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் ஊர்க்கதை. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, நெல்லும் வாழையுமாக இரண்டு கரையையும் நனைத்துவிட்டு, புன்னக்காயலில் கடலில் சேருகிறது தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கம் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அங்கிருந்து தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று போய்ப் பாருங்கள். பச்சை பொசுக்கென்று நின்றுபோய், ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள் ஆரம்பிக்கும். அதுதான் தேரி. காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் இருப்பது குதிரைமொழித் தேரி. திசையன்விளைப் பக்கம் இட்டமொழித் தேரி. 1986 வரை எல்லாமே ஒரே திருநெல்வேலி மாவட்டம். பிறகுதான் தூத்துக்குடி தனியாகப் போனது, மணலிலும் பங்கு வாங்கிக்கொண்டு.

ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அள்ளிக்கொட்டிய மணல் இது. ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பதால்தான் இந்தச் சிவப்பு. இங்கே கிடைத்த சின்னச் சின்னக் கல் ஆயுதங்களைப் பற்றி சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதிவிட்டார்கள். அதாவது பல ஆயிரம் வருடமாக மனுஷன் நடமாடுகிற இடம். நேற்று வந்த டூயல் ஸ்போர்ட் டயருக்காகக் காத்துக்கொண்டிருந்த கன்னிநிலம் ஒன்றுமில்லை.

சரி, மண்ணில் வண்டி ஓட்டுவது என்ற சமாச்சாரம் எங்கே எப்படிப் பிரபலமானது? இதைச் சொன்னால் டீக்கடை நிபுணர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். 1962-ல் டேவ் ஈக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில், வடக்கே டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை ஓட்டினார்கள். சுமார் 1,500 கிலோமீட்டர். பெரும்பாலும் மண்ணும் கல்லும் பாலைவனமும். ஓட்டியது ஹோண்டா சிஎல்72 என்ற 250 சிசி வண்டி. சிபி72 என்ற ரோட்டு வண்டியின் இன்ஜினை எடுத்து, சட்டத்தை மாற்றி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டிய வண்டி அது. இன்றைய கணக்கில் அதன் சஸ்பென்ஷனை எவனும் சீந்தமாட்டான். ராபர்ட்சனின் வண்டியில் வழியில் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. ஈக்கின்ஸ் 40 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். சாட்சிக்கு இரண்டு ஊரிலும் தந்தி ஆபீசில் நேரம் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஓட்டத்தின் புகழில்தான் 1967-ல் அங்கே பந்தயமே ஆரம்பித்தது. பின்னால் பாஹா 1000 என்று உலகம் கொண்டாடியது அதைத்தான். அந்தத் தீபகற்பத்தின் நீளத்துக்குத் தார் ரோடு வந்ததே 1973-ல். அதுவரை அந்த ஊர்க்காரர்கள் எதில் போனார்கள்? கையில் இருந்ததில் போனார்கள். நம்ம பதனிப் பெரியவர் மாதிரி.

இன்னொன்று. 2004-ல் 'லாங் வே ரவுண்ட்' என்று நடிகர் யூவன் மெக்ரெகர் கோஷ்டி உலகம் சுற்றியது. ஆளுக்கொரு பிஎம்டபிள்யூ, 1130 சிசி யானை. மங்கோலியாவில் ஒளிப்பதிவாளரின் யானைக்கு உடம்பு முடியாமல் போய், அங்கேயே ஒரு ரஷ்ய வண்டியை வாங்கி ஓட்டினார். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு உலகம் முழுக்க ஜனங்கள் எந்த வண்டியை வாங்க ஓடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ரஷ்ய வண்டியையா? :-)

இனி மணலைப் பற்றிக் கொஞ்சம் ஜல்லி அடிக்கலாம்.

மணலில் முதல் எதிரி எடை. ஹிமாலயன் 450 எண்ணெயோடு 196 கிலோ. ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. எக்ஸெல் 100 தொண்ணூறு கிலோவைத் தொடாது. தார் ரோட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. மணலில் வண்டி சாய்ந்து படுத்த பிறகு தெரியும். 112 கிலோவை ஒருத்தன் தனியாகத் தூக்கி நிறுத்திவிடலாம். 196 கிலோவை, உச்சி வெயிலில், கால் புதைகிற இடத்தில், ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு தூக்கிப் பாருங்கள். சீட் உயரமும் அப்படித்தான். ஸ்பிளெண்டர் 785 மில்லிமீட்டர், ஹிமாலயன் 825. நம்ம ஊர் சராசரி உயரக்காரனுக்கு முதலாவதில் இரண்டு காலும் முழுசாக ஊன்றும். தடுமாறுகிற அந்த அரை நொடியில் நாற்பது குதிரைசக்தி கைகொடுக்காது, ஊன்றிய கால்தான் கைகொடுக்கும்.

இரண்டாவது காற்று. ரோட்டுக்கு அடிக்கிற காற்றோடு மணலில் இறங்கினால் எந்த வண்டியும் கத்தி மாதிரி இறுகி உள்ளே இறங்கும். 25-க்கும் மேல் இருப்பதை 18 பக்கம் இறக்கினால் டயர் கொஞ்சம் படர்ந்து மணலுக்கு மேலே மிதக்கும். ரொம்ப இறக்கக்கூடாது. ட்யூப் டயரில் ரிம் நழுவி வால்வைப் பிய்த்துவிடும். திரும்பித் தாருக்கு ஏறியதும் மறுபடி அடித்துக்கொள்ள ஒரு சைக்கிள் பம்பு போதும். இந்த பம்பை எந்தக் கண்ணாடி போட்ட ஷோரூமிலும் 'அட்வென்ச்சர் ஆக்சஸரி' என்று விற்கமாட்டார்கள். லாபம் கிடையாதே!

மூன்றாவது கை. மணலில் முன் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் மடங்கும். உடம்பைப் பின்னால் தள்ளி, ஆக்சிலேட்டரை விடாமல், பார்வையைத் தூரத்தில் வைக்கவேண்டும். ஹேண்டில்பார் ஆடும், ஆடட்டும். இறுக்கிப் பிடிக்கிறவன்தான் விழுவான். இதைக் கற்றுக்கொள்ள இரண்டு காலைப்பொழுதும் நாலைந்து விழுகையும் ஆகும். மழை பெய்த மறுநாள் போனால் மணல் இறுகிக் கிடக்கும், பாதி வேலை மிச்சம். சைடு ஸ்டாண்டு போடும்போது அடியில் ஒரு தட்டைக்கல்லோ பனைமட்டைத் துண்டோ வைக்காவிட்டால் வண்டி மெதுவாகப் படுத்துவிடும். இதெல்லாம் பதனிப் பெரியவருக்குப் பாலபாடம்.

நியாயமாகப் பேசினால் ஸ்பிளெண்டரால் முடியாததும் உண்டு. அடிவயிறு தாழ்வு, 165 மில்லிமீட்டர்தான். பாறை வழியில் இன்ஜின் அடிவாங்கும். சின்ன சஸ்பென்ஷனில் வேகமாகக் குழியில் இறங்கினால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். ஏர் ஃபில்டரில் செம்மண் அப்பிக்கொள்ளும், வந்ததும் கழற்றிப் பார்க்காவிட்டால் இன்ஜினுக்குக் கேடு. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஸ்பிளெண்டரின் செயினுக்கு முழு மூடி உண்டு, மணல் போக வழியில்லை. மண்ணுக்கென்றே செய்ததாகச் சொல்லுகிற வண்டிகளில் செயின் ஊருக்கே தெரிகிற மாதிரி திறந்து கிடக்கும். 1994-ல் ஹீரோ ஹோண்டா போட்ட வண்டி இந்த நாட்டுப் புழுதியைப் பார்த்துத்தான் போட்டது.

ஆக, அறுபது எழுபது வேகத்தில் மணல்மேட்டைத் தாண்டிக் குதித்து, அதை நாலு கேமராவில் பிடிக்கவேண்டும் என்றால் பெரிய வண்டி தேவைதான். தேரியைப் பார்க்கவேண்டும், அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையோரம் கொஞ்சம் உட்காரவேண்டும், ஒரு பனையடியில் பதனி குடிக்கவேண்டும் என்றால் தேவையில்லை. நூற்றில் தொண்ணூறு பையன்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். விற்கப்படுவது முதலாவது.

விலையையும் பார்த்துவிடுவோம், பி.காம். படிக்கிறவன் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது? ஹிமாலயன் 450 வந்த 2023-லேயே ஷோரூம் விலை 2.69 லட்சத்தில் ஆரம்பித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. பதிவு, இன்சூரன்ஸ், பெட்டி, கம்பி எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டி, மூன்று வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 9,820 ரூபாய். மொத்தம் கட்டுவது மூன்றரை லட்சத்துக்கும் மேல். வட்டி மட்டும் ஐம்பத்து மூவாயிரத்தைத் தாண்டும். அந்த வட்டிக்காசுக்கே ஒரு நல்ல பழைய ஸ்பிளெண்டர் கிடைக்கும். படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகிற பையனுக்கு நம்ம ஊரில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தவணைக்குக் கையெழுத்துப் போடுவது அப்பா. டவுன் மார்க்கெட்டில் கணக்கெழுதுகிற அப்பா. முன்பணம் போதவில்லை என்று அவர் வேலைக்குப் போய்வந்த ஸ்பிளெண்டரையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு அவர் பஸ்ஸில் போவார். பையன் வருடத்துக்கு இரண்டு தடவை தேரிக்குப் போவான்.

"அது அவனவன் ஆசை, உனக்கென்ன?" என்று கேட்கலாம். ஆசையைக் குறை சொல்லவில்லை. சம்பாதித்து வாங்குகிறவன் யானையே வாங்கட்டும். 'உன் வண்டி ஆகாது' என்ற பொய்யைச் சொல்லி ஆசையைத் தூண்டுவதுதான் பிரச்சினை. அந்தப் பொய்யால் இரண்டு வகைப் பையன்கள் உருவாகிறார்கள். ஒருத்தன் கடன் வாங்குகிறான். இன்னொருத்தன், கடன் வாங்க முடியாதவன், ஐம்பது கிலோமீட்டரில் இருக்கிற தேரியைப் பார்க்காமலே படிப்பை முடித்து சென்னைக்கு ரயில் ஏறுகிறான். இரண்டாவது ஆள்தான் அதிகம்.

தேரிக்கும் இதில் நஷ்டம் உண்டு. குதிரைமொழித் தேரியில் வனத்துறைக் காடு இருக்கிறது. பனையும் முந்திரியும் உடைமரமும்தான் அந்த மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. பெரிய வண்டி வாங்கியவன் வண்டித்தடத்தில் போனால் அவனுக்குக் காசு செரிக்காது. மேட்டில் ஏற்றவேண்டும், பின்சக்கரத்தைச் சுழற்றி மண்ணைப் பீய்ச்சவேண்டும். செடி வேரோடு போகும். அடுத்த ஆடிக்காற்றில் அந்த இடத்திலிருந்து மணல் கிளம்பி யாரோ ஒருவருடைய முருங்கைத் தோட்டத்தில் போய் விழும். பதனிப் பெரியவர் மேட்டு உச்சிக்கு வண்டியை ஏற்றுவதே இல்லை. அங்கே என்ன இருக்கிறது அவருக்கு?

நம்பாதவர்கள் கார்த்திகை கடைசியில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவில் கள்ளர்வெட்டுக்குப் போய்ப் பாருங்கள். இளநீர் வெட்டி முடிந்ததும் அந்த இடத்து மண்ணை ஜனங்கள் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்றைக்கு மணலில் நிற்கிற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஸ்பிளெண்டர், பேஷன், ஸ்டார் சிட்டி, எக்ஸெல். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் சேலை கட்டிய அம்மா, நடுவில் ஒரு பை. யாரும் வீடியோ எடுப்பதில்லை.

மற்ற நாளில் போனால் வேறு காட்சி கிடைக்கும். தடத்தை விட்டு விலகி, பின்சக்கரம் முக்கால்வாசி புதைந்து, ஒரு பளபளப்பான பெரிய வண்டி. பக்கத்தில் கவசம் பூண்ட இரண்டு பையன்கள், தண்ணி பாட்டிலும் காலி. முடுக்க முடுக்க இன்னும் ஆழமாக இறங்குகிறது. எக்ஸெல்லில் வருகிற பெரியவர் நிறுத்துவார். கேனை இறக்கிவைப்பார்.

"தம்பி, முறுக்காத. முதல்ல காத்தைப் புடுங்கு. அந்தா கெடக்கு பாரு பனைமட்டை, அதை எடுத்து வீலுக்கு அடியில குடு. ம்... இப்ப மூணு பேருமாத் தூக்குவோம்."

தூக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு பட்டை பதனி ஊற்றிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். கேன் கட்டிய எக்ஸெல் ஆடி ஆடி, புதையாமல் போகும்.