வில்லை என்றால் கண்ணாடிதானா?



கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஒளியியல் பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “லென்ஸ் என்றால் என்ன?” ஆண்டுதோறும் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றே: “வளைந்த பரப்புகளை உடைய கண்ணாடித் துண்டு, சார்.” “சரி, கரும்பலகையில் உள்ள எழுத்தை எதைக் கொண்டு படிக்கிறீர்கள்?” “கண்ணால், சார்.” “அந்தக் கண்ணுக்குள் கண்ணாடித் துண்டு இருக்கிறதா?” வகுப்பில் சிரிப்பு எழும். பிறகு சற்று நேரம் அமைதி நிலவும்.

அந்த விடை முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது மிகக் குறுகிய விடை. இன்று விஞ்ஞானிகள் முடியின் தடிமனைவிடச் சிறிய வில்லைகளை லேசர் ஒளியால் செய்கிறார்கள். அவற்றைப் புரதத்திலும், நீர் நிறைந்த கூழ்மத்திலும், ரப்பர் போன்ற மென்பொருள்களிலும் செய்கிறார்கள். வில்லை என்றாலே கண்ணாடி என்று மனப்பாடம் செய்தவருக்கு இந்தத் துறையின் வாசல் கூடக் கண்ணில் படாது. ஆகவே அந்த வரையறையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வேறுபாடே வில்லை

ஒளியை வளைப்பது கண்ணாடி அன்று. இரு ஊடகங்களுக்கு இடையே உள்ள ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடும், அவை சந்திக்கும் பரப்பின் வளைவுமே ஒளியை வளைக்கின்றன. காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, நீருக்கு 1.33, நம் கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்னும் தெளிந்த படலத்துக்கு ஏறத்தாழ 1.38. கண்ணின் குவிக்கும் திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவினுடையது. உள்ளே இருக்கும் விழிவில்லையின் பங்கு எஞ்சியதுதான். காரணம், காற்றுக்கும் கார்னியாவுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரியது. கிணற்றில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதே, அது ஏன்? அங்கே காற்றின் இடத்தில் நீர் வந்துவிடுகிறது. வேறுபாடு 0.38-லிருந்து 0.05 ஆகச் சுருங்கிவிடுகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று விற்கும் கடற்பாசியை, பெரியவர் ஒருவரின் துணையோடு, கொஞ்சம் நீரில் நன்றாகக் காய்ச்சிக் கரையுங்கள். வடிகட்டி, வழவழப்பான குழிக்கரண்டியில் ஊற்றி ஆறவிடுங்கள். இறுகியதும் மெதுவாக வழித்து எடுத்தால், ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் ஒரு வில்லை கிடைக்கும். செய்தித்தாளின் மேல் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் இதை வையுங்கள். எழுத்துகள் பெரிதாகத் தெரியும். இப்போது அதே வில்லையை ஒரு தம்ளர் நீரில் போடுங்கள். அதன் விளிம்பு கூட அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்! பொருள் அதேதான், வளைவும் அதேதான். வேறுபாடு போயிற்று, வில்லையும் போயிற்று.

உடல் ஏற்றுக்கொள்ள வேண்டும்

கண்ணாடி இருக்க, மென்பொருளை ஏன் தேட வேண்டும்? கண்ணாடியின் யங் குணகம் ஏறத்தாழ 70 ஜிகா பாஸ்கல். சிலிக்கோன் ரப்பர் ஒன்றுக்கோ 1 முதல் 3 மெகா பாஸ்கல்தான். கண்ணாடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு விறைப்பானது. நம் உடலின் திசுக்கள் ரப்பரின் பக்கமே நிற்கின்றன. மென்மையான திசுவின் மேல் விறைப்பான துண்டு உட்கார்ந்தால் உறுத்தும். மேலும், அந்நியப் பொருள் எதுவாயினும் உடல் அதை எதிர்க்கும். உடலோடு ஒத்துப்போகிற பொருளையே ‘உயிரிணக்கப் பொருள்’ என்கிறோம்.

இப்பொருள்களின் வரலாற்றில் ஒரு சுவையான செய்தி உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்களில், விமானத்தின் மேல்மூடியான அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் சில்லுகள் தைத்திருந்தன. அச்சில்லுகளைக் கண் அவ்வளவாக எதிர்க்கவில்லை என்பதை ஹெரால்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆன வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் வைத்தார். இன்று கண்புரை அறுவைக்குப் பின் உங்கள் தாத்தா பாட்டியின் கண்ணில் வைக்கப்படும் வில்லைக்கு அதுவே முன்னோடி.

ரிட்லியின் வில்லை கெட்டியானது. 6 மி.மீ. அகலமுள்ள கெட்டி வில்லையை உள்ளே நுழைக்க ஏறத்தாழ அதே அகலத்துக்கு வெட்ட வேண்டும். பின்னர் வந்த மென்மையான வில்லைகளை மடித்து, 3 மி.மீ.க்கும் குறைவான வெட்டின் வழியே செலுத்த முடிந்தது. உள்ளே போனதும் அவை தாமே விரிந்துகொள்ளும். மென்மை என்பது குறையன்று, வசதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செக் நாட்டு வேதியியலார் ஓட்டோ விக்டர்லேயின் கதையும் இத்தகையதே. நீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் பாலிமரிலிருந்து, கண்ணில் அணியும் மென்வில்லைகளை 1961 கிறிஸ்துமஸ் காலத்தில் தம் வீட்டிலேயே செய்தார். அதற்கான இயந்திரத்தைச் சிறுவர்களின் விளையாட்டுக் கட்டுமானப் பெட்டியையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு அமைத்தார்!

நுங்கைச் சாணை பிடிக்க முடியுமா?

கண்ணாடி வில்லையைத் தேய்த்துத் தேய்த்து உருவாக்குவார்கள். நுங்கைச் சாணைக்கல்லில் தேய்த்தால் என்ன ஆகும்? பிய்ந்துவிடும். மென்பொருளில் மிகச் சிறிய வளைவை உண்டாக்க, தொடாமலே வேலை செய்யும் கருவி வேண்டும். அந்தக் கருவிதான் லேசர்.

முதல் வழி, செதுக்குதல். இதில் நமக்கு நெருக்கமான ஒருவரின் பெயர் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற வேதியியலார் ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். 1981 நவம்பர் 27 அன்று, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று, அதன்மேல் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா லேசரைச் செலுத்தினார். சுற்றுப்புறம் கருகாமல், கூரிய விளிம்போடு ஒரு பள்ளம் விழுந்தது.

ஏன் கருகவில்லை? அந்த ஒளியின் ஒரு போட்டானுக்கு 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. கார்பன்-கார்பன் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 3.6 போதும். ஆகவே மூலக்கூறுகள் முறிந்து பறந்துவிடுகின்றன. வெப்பம் பக்கத்தில் பரவ நேரமில்லை. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ கால் மைக்ரான் தடிமனே நீங்குகிறது. 1983-இல் சீனிவாசனும் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் கார்னியாவை இம்முறையில் செதுக்கலாம் என்று காட்டினர். இன்று கிட்டப்பார்வைக்குச் செய்யும் லேசர் சிகிச்சை அதிலிருந்து பிறந்ததே. உயிருள்ள மென்வில்லையையே லேசரால் திருத்துகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

இரண்டாம் வழி, புடைக்கச் செய்தல். லேசரின் ஆற்றலை, பொருள் நீங்கும் அளவுக்குக் கீழே வைத்தால், சில பாலிமர்களின் மேற்பரப்பு அந்த இடத்தில் உப்பி நிற்கும். வழவழப்பான அந்தச் சிறு புடைப்பே ஒரு வில்லையாகிவிடும்.

மூன்றாம் வழி, இறுகச் செய்தல். இது மிக நுட்பமானது. ஒரு நீர்மத்துக்குள் அகச்சிவப்பு லேசரைக் குவிக்கிறார்கள். அதன் ஒரு போட்டானுக்கு வேதிவினையைத் தூண்டும் ஆற்றல் இல்லை. ஆனால் ஒரே கணத்தில் இரண்டு போட்டான்கள் சேர்ந்து ஏறினால் முடியும். ஒருவரால் தூக்க முடியாத அண்டாவை இருவர் சேர்ந்து தூக்குவதைப் போல! ஆளரவமற்ற தெருவில் இரண்டாம் ஆளுக்கு எங்கே போவது? நெரிசல் மிக்க கடைத்தெருவில் உடனே கிடைப்பார். அதுபோல ஒளி மிக நெருக்கமாகக் கூடும் குவியப் புள்ளியில் மட்டுமே இந்த வினை நடக்கும். அங்கே மட்டும் நீர்மம் இறுகும். குவியத்தை முப்பரிமாணத்தில் நகர்த்தினால் வேண்டிய வடிவம் எழும்.

அவ்வளவு நெரிசலை உண்டாக்க, ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக அனுப்ப வேண்டும். ஒரு துடிப்பு நூறு ஃபெம்டோ வினாடி நீடிப்பதாகக் கொள்வோம். அந்த நேரத்துக்குள் ஒளி கடக்கும் தொலைவு 30 மைக்ரான்தான். முடியின் தடிமன் கூட இல்லை. இந்த ‘இரு போட்டான்’ நிகழ்ச்சியை, லேசர் பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1931-இல் மரியா கெப்பர்ட் மேயர் என்ற இளம் பெண் விஞ்ஞானி காகிதத்தில் கணக்கிட்டிருந்தார். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தார் 2016-இல் இம்முறையால், நூறு மைக்ரான் அளவிலான பல வில்லைத் தொகுதியை ஒளியிழையின் நுனியிலேயே கட்டினர். அவர்கள் பயன்படுத்தியது கெட்டியாகும் பாலிமர். அதற்கு முன்பே 2012-இல், சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தார் ஆல்புமின் என்னும் புரதத்திலிருந்து நுண்வில்லைகளைச் செய்திருந்தனர். சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையை மாற்றினால் அவை உப்பும் அல்லது சுருங்கும், குவியத்தொலைவும் மாறும். எந்தக் கண்ணாடி வில்லை இதைச் செய்யும்?

ஒரு சிறு கணக்கு

உடலுக்குள் வில்லையைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் நீரே. சிலிக்கோன் ரப்பரில், 1.41 ஒளிவிலகல் எண்ணும் 50 மைக்ரான் வளைவு ஆரமும் கொண்ட ஒருபுறக் குவிவில்லை இருப்பதாகக் கொள்வோம். காற்றில் அதன் குவியத்தொலைவு 50-ஐ 0.41-ஆல் வகுத்தால் வரும். ஏறத்தாழ 122 மைக்ரான். நீரில், ஒப்பு ஒளிவிலகல் எண் 1.41/1.33, அதாவது 1.06. ஆகவே குவியத்தொலைவு ஏறத்தாழ 830 மைக்ரான்! வில்லையின் வலிமை ஏழில் ஒரு பங்காகிவிட்டது. இதை ஈடுகட்ட, வளைவை இன்னும் கூர்மையாக்க வேண்டும். அல்லது உடல் ஏற்கும் வேறு பொருளைத் தேட வேண்டும். முதலாவது இயற்பியல். இரண்டாவது வேதியியலும் உயிரியலும்.

என் கருத்து

லேசர்தான் எல்லாவற்றுக்கும் வழி என்று நான் சொல்லவில்லை. லேசர் புள்ளி புள்ளியாக வரைவதால் வேலை மெதுவாக நடக்கும். கருவியின் விலையும் அதிகம். ஒரே மாதிரி வில்லை இலட்சக்கணக்கில் வேண்டுமானால் அச்சில் வார்ப்பதே மலிவு. ஒவ்வொன்றும் வேறுபட வேண்டிய இடத்திலும், அச்சு நுழையாத இடத்திலுமே லேசருக்கு மதிப்பு. எந்த இடத்துக்கு எது என்று அறிவதும் விஞ்ஞானமே.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? ரிட்லி மருத்துவர். விக்டர்லேயும் சீனிவாசனும் வேதியியலார். கெப்பர்ட் மேயர் கோட்பாட்டு இயற்பியலார். இவர்களில் எவரும் வில்லை தேய்க்கும் கலையில் வந்தவர் அல்லர். ஆயினும் வில்லையின் கதையை மாற்றியவர்கள் இவர்களே. நாமோ பத்தாம் வகுப்பு முடிந்ததும், “நான் கணக்குப் பிரிவு, எனக்கு உயிரியல் எதற்கு?” என்றும், “நான் டாக்டராகப் போகிறேன், எனக்கு ஒளிவிலகல் எதற்கு?” என்றும் சுவர் எழுப்பிக்கொள்கிறோம். பிரிவு என்பது தேர்வுக்கான ஏற்பாடு. அறிவுக்கு அது வேலி ஆகக்கூடாது.

எனவே, வில்லையின் வரையறையை உங்கள் குறிப்பேட்டில் இப்படித் திருத்தி எழுதுங்கள்: ‘ஒளி ஊடுருவும் எந்தப் பொருளும், சுற்றியுள்ள ஊடகத்திலிருந்து ஒளிவிலகல் எண்ணில் வேறுபட்டு, தக்க வளைவும் பெற்றிருந்தால் வில்லையாகும்.’ ஆசிரியர்கள் கடற்பாசிச் சோதனையை வகுப்பில் செய்து காட்டினால் இந்த வரி மறக்கவே மறக்காது. ஓர் எச்சரிக்கை: கடையில் விற்கும் லேசர் விளக்கை எவர் கண்ணிலும் அடிக்காதீர்கள். விழித்திரை பழுதுபட்டால் எந்த வில்லையும் உதவாது.

அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ உங்களில் ஒருவர் என் வகுப்பில் வந்து அமரலாம். “லென்ஸ் என்றால் என்ன?” என்று நான் கேட்பேன். அப்போது நீங்கள், “எந்த ஊடகத்தில், சார்?” என்று திருப்பிக் கேட்டால், அன்று நான் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவேன்.